சென்னைப் புறநகர் இரயில் நிலையப் பெயர்கள்: ஊரும் நிறுவனமும் நகரும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னைப் புறநகர் இரயில் நிலையங்களின் பெயர்கள், தொண்டைமண்டலத்துச் சிற்றூர்கள் மாநகரின் பகுதிகளாக மாறிய வரலாற்றுக்கு எழுத்துச் சான்றுகளாக அமைகின்றன. தெற்கு, மேற்கு, வடக்குப் பாதைகளிலும் பறக்கும் இரயில் பாதையிலும் உள்ள பெயர்களை ஊர்ப்பெயர், நிறுவனப் பெயர், நகர்ப்பெயர் என மூன்று அடுக்குகளாகப் பகுத்து இக்கட்டுரை விளக்குகிறது. நிலையப் பெயர் சில இடங்களில் மங்கவிருந்த பழம்பெயரைக் காத்துள்ளது. சில இடங்களில் புதுப்பெயரை ஊருக்கே பெயராக்கியுள்ளது. வேறு சில இடங்களில் ஊரைவிட்டு விலகி நின்று அதன் பெயரை மட்டும் தாங்கியுள்ளது. ஆகவே, பெயர்ப்பலகையில் செய்யப்படும் பெயர்மாற்றம், மொழிபெயர்ப்பு, எழுத்துப்பெயர்ப்பு ஆகியவை ஓர் ஆவணத்தைத் திருத்தும் செயல்களே என்பது கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: புறநகர் இரயில், சென்னை, இடப்பெயராய்வு, நிலையப் பெயர், பறக்கும் இரயில், எழுத்துப்பெயர்ப்பு.

1. முன்னுரை

தமிழ் இடப்பெயராய்வு பெரும்பாலும் கல்வெட்டு, செப்பேடு, இலக்கியம், வருவாய்த்துறை ஆவணம் ஆகியவற்றைச் சான்றாகக் கொள்கிறது. நாள்தோறும் இலட்சக்கணக்கானோர் கண்முன் நிற்கும் இரயில் நிலையப் பெயர்ப்பலகை அச்சான்றுகளின் வரிசையில் இடம்பெறுவது அரிது. எனினும் நிலையப் பெயருக்கு வேறு இடப்பெயர்களுக்கு இல்லாத மூன்று இயல்புகள் உண்டு. முதலாவதாக, அது ஒரு குறிப்பிட்ட காலத்தில் ஒரு நிருவாகம் எடுத்த முடிவின் விளைவு. இரண்டாவதாக, ஓர் இடத்திற்குப் பல பெயர்கள் வழங்கும்போது அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றை விலக்குவதால் அது உருவாகிறது. மூன்றாவதாக, பயணச்சீட்டு, கால அட்டவணை, குறியீடு ஆகியவை அப்பெயரைச் சார்ந்திருப்பதால் ஒருமுறை நிலைபெற்றபின் அது எளிதில் மாறுவதில்லை. ஊர் மாறிய பின்னும் பெயர் நின்றுவிடுகிறது. இந்த நிலைபேறே அதனை ஆய்வுக்குரிய சான்றாக்குகிறது.

2. பாதைகளின் உருவாக்கம்

நிலையப் பெயர்களின் அடுக்குகளைப் புரிந்துகொள்ளப் பாதைகள் அமைந்த முறையை அறிவது தேவையாகிறது. 1856-ஆம் ஆண்டு சூலையில் மதராஸ் இரயில்வே நிறுவனம் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓட்டியது. இன்றைய மேற்குப் பாதை அதன் வழியிலேயே அமைந்தது. 1873-இல் சென்ட்ரல் நிலையம் எழுந்தது. தெற்கு நோக்கிய பாதை தென்னிந்திய இரயில்வே நிறுவனத்திற்குரியது. அதன் தலைமை நிலையமாக எழும்பூர்க் கட்டடம் 1908-இல் திறக்கப்பட்டது. முன்னது 1,676 மி.மீ. அகலப்பாதை, பின்னது 1,000 மி.மீ. மீட்டர் பாதை. ஒன்றின் வண்டி மற்றொன்றில் ஓட இயலாது.

இவ்விரு நிறுவன எல்லை இன்றும் நகரின் நடுவே தெரிகிறது. சென்ட்ரலுக்கு எதிரே, பூந்தமல்லி நெடுஞ்சாலைக்கு அப்பால், பூங்கா நிலையம் உள்ளது; அதன் அருகே பறக்கும் இரயிலின் பூங்கா நகர் நிலையம் உள்ளது. பயணியின் பார்வையில் இவை ஒரே சந்திப்பு. பெயரளவில் மூன்று நிலையங்கள். 1951-இல் தெற்கு இரயில்வே அமைந்து நிறுவனங்கள் ஒன்றான பின்னும் பெயர்கள் ஒன்றாகவில்லை.

கடற்கரை–தாம்பரம் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவுக்கு 1931 மே 11 அன்று மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. மேற்கு, வடக்குப் பாதைகளுக்கு மின்சாரப் புறநகர் வண்டி வந்தது அதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரே. தெற்குப் பாதையில் மீட்டர் பாதை மின்வண்டிகள் 2004-இல் விடைபெற்றன. அதன்பின்னரே வடக்கும் தெற்கும் மேற்கும் ஒரே வகைப் பாதையால் இணைந்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வண்டி மாறாமல் செல்லும் வாய்ப்பு உண்டாயிற்று.

வண்டிக்கு மக்கள் இட்ட பெயரும் இம்மாற்றத்தைத் தொடர்ந்தது. புகைவண்டி என்னும் சொல் நீராவிப் பொறியின் புகையைக் கண்டு பிறந்தது. இலங்கைத் தமிழின் புகையிரதமும் அவ்வாறே. புகையற்ற வண்டி வந்தபோது சென்னை மக்கள் அதனை மின்சார இரயில் என்றனர். இன்று தொலைதூர வண்டிகளும் மின்சாரத்தால் ஓடுகின்றன. எனினும் ‘மின்சார இரயில்’ என்றால் சென்னையில் புறநகர் வண்டியை மட்டுமே குறிக்கும். ஆற்றலின் பெயர் சேவையின் பெயராகச் சுருங்கியது பொருட்சுருக்கத்திற்கு நல்ல சான்று. அதுபோலத் தூண்களின் மேல் செல்லும் பாதைக்கு அரசு வைத்த நீண்ட பெயரை ஒதுக்கிப் ‘பறக்கும் இரயில்’ என்பதையே மக்கள் நிலைநாட்டினர்.

3. முதல் அடுக்கு: ஊர்ப்பெயர்கள்

மூன்று பழைய பாதைகளிலும் பெரும்பான்மையான நிலையங்கள் ஏற்கெனவே இருந்த ஊர்களின் பெயர்களைப் பெற்றன. நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், மீனம்பாக்கம், ஊரப்பாக்கம், வில்லிவாக்கம், பட்டரவாக்கம், நந்தியம்பாக்கம் ஆகியவை ‘பாக்கம்’ என்னும் ஈற்றைக் கொண்டவை. சேத்துப்பட்டு, செங்கல்பட்டு, வேப்பம்பட்டு, அத்திப்பட்டு ஆகியவை ‘பட்டு’ ஈற்றின. எழும்பூர், பெரம்பூர், கொரட்டூர், அம்பத்தூர், திருவொற்றியூர், மீஞ்சூர் ஆகியவை ‘ஊர்’ ஈற்றின. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டில் நுங்கம்பாக்கம் குறிக்கப்படுவதாக ஆய்வாளர் சுட்டுவர். அச்செப்பேடு கிடைத்த திருவாலங்காடும் அரக்கோணம் பாதையில் ஒரு நிலையமாக உள்ளது.

பெயர்களைத் தனித்தனியே காணாமல் பாதையின் வரிசையில் வைத்துக் காண்பது சொற்பிறப்பு ஆய்வுக்கும் உதவும். கோடம்பாக்கம் என்பது நவாபின் குதிரைத் தோட்டத்தைக் குறித்த ‘கோடா பாக்’ என்பதன் திரிபு என்பர். தனித்து நோக்கின் இவ்விளக்கம் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் அதற்கு முந்தைய நிலையம் நுங்கம்பாக்கம். அதே பாதையில் மீனம்பாக்கமும் ஊரப்பாக்கமும் தொடர்கின்றன. இவ்வட்டாரம் முழுவதும் பரவிய ஓர் ஈறு ஓரூரில் மட்டும் வேற்றுமொழியிலிருந்து வந்தது எனக் கொள்ளத் தனிச்சான்று வேண்டும். அத்தகைய சான்று இல்லாதவரை அதனை நாட்டார் வழக்கு விளக்கமாகக் கொள்வதே முறையாகும்.

ஊர்ப்பெயர் அடுக்கு நிலவியலையும் பதிவு செய்துள்ளது. பழவந்தாங்கல் என்பதில் உள்ள ‘தாங்கல்’ சிறு நீர்நிலையைக் குறிக்கும். பொத்தேரி, பொன்னேரி ஆகியவற்றில் ஏரியும் காட்டாங்கொளத்தூரில் குளமும் உள்ளன. தொண்டைமண்டலம் ஏரிப்பாசன நாடு. பாதை அந்த ஏரிகளின் இடையே சென்றது. பின்னர் பாதையை ஒட்டி வளர்ந்த குடியிருப்புகள் நீர்நிலைகளின் மேல் பரவின. 1920களில் மாம்பலம் பகுதியிலிருந்த நீண்ட ஏரியை வற்றச்செய்து தியாகராய நகர் உருவாக்கப்பட்டது. நுங்கம்பாக்கம் ஏரி தூர்க்கப்பட்ட இடத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ சாலையும் நுங்கம்பாக்கத்தின் டேங்க் பண்ட் சாலையும் இன்று எந்த ஏரியையும் காட்டுவதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நகரின் இரயில் போக்குவரத்து நிலைகுலைந்தது. தாங்கலும் ஏரியும் குளமும் பெயரளவில் எஞ்சியுள்ள இடங்களைத் திட்டமிடுவோர் வாசித்தறிய வேண்டும் என்பதற்கு அவ்வெள்ளம் போதிய காரணம்.

மாம்பலம் நிலையம் மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால் அமைந்த தியாகராய நகர் மாநகரின் பெருவணிக மையமாயிற்று. அங்குள்ள அரங்கநாதன் தெருவுக்குப் பொருள் வாங்கச் செல்வோர் இன்றும் ‘மாம்பலத்தில்’ இறங்கித் ‘தி.நகருக்கு’ நடக்கின்றனர். இருப்புப்பாதையின் மேற்கே உள்ள பகுதி மேற்கு மாம்பலம் எனப்படுகிறது. ஆனால் அதற்கு இணையாகக் கிழக்கு மாம்பலம் என்ற வழக்கு நிலைக்கவில்லை. கிழக்கில் புதுப்பெயர் முழுவெற்றி பெற்றது. நிலையமோ பழம்பெயரை விடவில்லை. பழவந்தாங்கலும் அத்தகையதே. அந்நிலையத்தைப் பயன்படுத்துவோரில் பலர் தம் முகவரியை நங்கநல்லூர் என்றே எழுதுவர். இவ்விடங்களில் நிலையப் பலகை பழம்பெயரின் காவலாக நிற்கிறது.

4. இரண்டாம் அடுக்கு: நிறுவனப் பெயர்கள்

இரண்டாம் அடுக்குப் பெயர்கள் ஊரைச் சுட்டாமல் ஆட்சி, தொழில், மருத்துவம், கல்வி ஆகியவற்றின் நிறுவனங்களைச் சுட்டுகின்றன. கோட்டை, பூங்கா, கடற்கரை ஆகிய மூன்றும் காலனிய நகரத்தின் பொதுப்பெயர்கள். புனித சார்ஜ் கோட்டையை அறிந்தவருக்கே ‘கோட்டை’ பொருள்படும். மக்கள் பூங்காவை அறிந்தவருக்கே ‘பூங்கா’ பொருள்படும்.

பூங்காவின் வரலாறு தனியே நோக்கத்தக்கது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைந்த மக்கள் பூங்காவில் விலங்குக் காட்சிசாலையும் இருந்தது. ரிப்பன் கட்டடம், விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், நேரு விளையாட்டரங்கம் எனக் கட்டடங்கள் அப்பரப்பைப் பங்கிட்டுக்கொண்டன. காட்சிசாலை வண்டலூருக்கு மாறி, 1985-இல் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. வண்டலூரும் அதே தெற்குப் பாதையின் நிலையம். பூங்காவின் உயிரினங்கள் பாதையின் வழியே தெற்கே சென்றன. அதன் பெயர் மட்டும் பழைய நிலையத்தில் தங்கிவிட்டது. அதே 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட், பழைய தமிழ் நூல்களைத் தேடிய பல தலைமுறை ஆய்வாளர்களுக்கு நூலகம் போன்றது. அதன் இடத்தில் எழுந்த புறநகர் முனையக் கட்டடம் மூர் மார்க்கெட் வளாகம் எனப்படுகிறது. அழிந்த சந்தை பயணிகளின் வாயில் இவ்வாறு எஞ்சியுள்ளது.

தாம்பரத்திற்கு முந்தைய இரு நிலையங்கள் தொழிலையும் மருத்துவத்தையும் பதிவு செய்கின்றன. குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் குரோம்பேட்டை பெயர் பெற்றது. ஒரு வேதிப்பொருளின் ஆங்கிலப் பெயரோடு ‘பேட்டை’ என்னும் ஈறு இணைந்தது, அயற்சொல்லைத் தன் இடப்பெயர் அமைப்புக்குள் தமிழ் ஏற்றுக்கொண்ட முறையைக் காட்டுகிறது. 1928-இல் மருத்துவர் சௌரி முத்து நிறுவிய காசநோய் மருத்துவமனையால் தாம்பரம் சானடோரியம் பெயர் பெற்றது. இவற்றுள் குரோம்பேட்டை சுற்றியிருந்த பல சிற்றூர்களின் பொதுப்பெயராக விரிந்தது. மாம்பலத்தில் நிலையம் பழம்பெயரைக் காத்தது. குரோம்பேட்டையிலோ நிலையம் புதுப்பெயரைப் பரப்பியது.

மேற்குப் பாதையில் பெரம்பூருக்கு அடுத்துக் கேரேஜ் ஒர்க்ஸ், லோகோ ஒர்க்ஸ் என இரயில்வேயின் பணிமனைகளே நிலையப் பெயர்களாயின. பட்டாபிராமை அடுத்து இந்துக் கல்லூரி உள்ளது. வடக்கே விம்கோ நகர், வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்னும் தீப்பெட்டி நிறுவனத்தின் முதலெழுத்துகளால் ஆன பெயர். ஆங்கிலத் தலைப்பெழுத்துச் சுருக்கம் தமிழ் எழுத்தில் ஒரு சொல்லாகி, ‘நகர்’ என்னும் ஈற்றைப் பெற்று ஊராகியிருக்கிறது. பயணிகளில் பலருக்கு அதன் விரிவு தெரியாது. தெரியவேண்டிய தேவையும் இல்லை. பெயர் தன் காரணத்தை இழந்து இடுகுறியாக நிலைத்துவிட்டது. காரணப்பெயர் இடுகுறித் தன்மை அடையும் நிகழ்வை ஒரு நூற்றாண்டுக்குள் காண இது வாய்ப்பளிக்கிறது.

தலைவர்களின் பெயர்களும் இவ்வடுக்கைச் சார்ந்தவையே. பொதுவுடைமைத் தலைவர் ப. ஜீவானந்தத்தின் நினைவைத் தாங்குவது வியாசர்பாடி ஜீவா, வ.உ.சி. நகர் வடக்குப் பாதையில் உள்ளது. தெற்கே 1980களை ஒட்டித் துணைநகரமாக உருவானது மறைமலை நகர். மறைமலையடிகள் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பணியைத் துறந்து 1911-இல் குடியேறிய பல்லாவரமும், அக்கல்லூரி 1937-இல் இடம்பெயர்ந்த தாம்பரமும், அடிகளின் பெயர் கொண்ட நகரும் ஒரே பாதையில் அமைந்துள்ளன. தனித்தமிழ் இயக்கம் வேர்கொண்ட பல்லாவரத்திற்கும் மறைமலை நகருக்கும் இடையே வண்டி குரோம்பேட்டையையும் சானடோரியத்தையும் கடந்தே செல்கிறது.

5. மூன்றாம் அடுக்கு: பறக்கும் இரயில்

பறக்கும் இரயில் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை 1995-இலும், திருமயிலை வரை 1997-இலும், திருவான்மியூர் வரை 2004-இலும், வேளச்சேரி வரை 2007-இலும் படிப்படியாக நீண்டது. நெருக்கமான நகர்ப்பகுதிகளில் நிலம் கையகப்படுத்துவதைக் குறைக்கும் பொருட்டு அதன் பெரும்பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டித் தூண்களின் மேல் அமைக்கப்பட்டது. இம்முடிவு கட்டுமானத்திற்கு வழிதந்தது. கால்வாயின் பரப்பைக் குறுக்கியது. நிலையங்களைச் சந்தை, பேருந்து நிறுத்தம், தெருமுனை ஆகியவற்றிலிருந்து விலக்கியது.

இவ்விலகல் பெயர்களிலும் தெரிகிறது. கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் ஆகியவை திட்டமிட்ட குடியிருப்புகளின் பெயர்கள். பசுமைவழிச் சாலை ஒரு தெருவின் பெயர். கலங்கரை விளக்கம் ஒரு கட்டடத்தின் பெயர். பெருங்குடி என்னும் பழைய ஊர்ப்பெயர் இருப்பினும் அந்நிலையம் ஊரின் நடுப்பகுதியிலிருந்து தொலைவில் உள்ளது. பழைய பாதையில் நிலையத்தைச் சுற்றிக் கடைத்தெரு வளர்ந்து ஊரே நிலையத்தை நோக்கி நகர்ந்தது. இங்கோ வளர்ந்து முடிந்த நகரின் புறவிளிம்பில் நிலையம் வந்து நின்றது. மயிலாப்பூரில் 2014-இல் சேர்க்கப்பட்ட முண்டகக்கண்ணியம்மன் கோயில் நிலையம் இதற்கு விலக்கு. மக்கள் ஏற்கெனவே வழிகேட்கப் பயன்படுத்தும் பெயரையே அது ஏற்றது.

பெயரும் பாதையும் சந்திக்காத இடம் ஒன்றையும் சுட்டவேண்டும். வேளச்சேரியைப் பரங்கிமலையோடு இணைக்கும் ஏறத்தாழ 5 கி.மீ. பகுதி நிலம் தொடர்பான சிக்கல்களால் பல ஆண்டுகள் தடைப்பட்டது. கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்டபோது தெற்குப் பாதை அருகில் சென்றும் அங்கு நிலையம் இல்லை. பழைய காலத்தில் நிலையம் முன்வந்து நகர் பின்தொடர்ந்தது. இங்கு வரிசை தலைகீழாயிற்று. இதன் சுமையைப் பெட்டியும் குழந்தையும் சுமந்து வண்டலூரிலோ ஊரப்பாக்கத்திலோ இறங்கிச் செல்வோரே தாங்கினர்.

6. மொழிபெயர்ப்பும் எழுத்துப்பெயர்ப்பும்

நிலையப் பலகை தமிழ், இந்தி, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அமைவது. எனவே அது மொழிபெயர்ப்புக் கொள்கைக்கும் சான்றாகிறது. கோட்டை, பூங்கா, கடற்கரை ஆகியவை நேர்மொழிபெயர்ப்புகள். பரங்கிமலையோ மொழிபெயர்ப்பன்று. ஆங்கிலப் பெயர் புனித தோமாவை நினைவுகூர்கிறது; தமிழ்ப்பெயர் அங்குக் குடியேறிய ஐரோப்பியரைப் பரங்கியர் என நினைவுகூர்கிறது. ஒரே குன்றுக்கு இரு மொழிகளில் இரு வரலாறுகள் அப்பலகையில் அருகருகே நிற்கின்றன. ஒன்றை மற்றொன்றின் பெயர்ப்பாக மாற்றினால் ஒரு வரலாறு மறையும்.

மொழிபெயர்ப்பே பொருளை மாற்றுவதும் உண்டு. கிரீன்வேஸ் சாலை, கிரீன்வே என்னும் ஆங்கில அலுவலரின் பெயரால் வந்தது எனச் சென்னை வரலாற்றாளர் கூறுவர். தமிழில் அது பசுமைவழிச் சாலையானபோது ஓர் ஆட்பெயர் இயற்கை வருணனையாயிற்று. சொல் அழகியது, சான்று மாறிவிட்டது.

எழுத்துப்பெயர்ப்பில் சிதைவு தெளிவாகத் தெரியும். சேத்துப்பட்டின் ஆங்கில வடிவங்கள் ‘செட்பெட்’, ‘செட்பட்’ எனத் தடுமாறுவதால், பேட்டையா பட்டா என்னும் ஐயம் ஆங்கிலம் வழியே அறிபவருக்கு எழும்; தமிழ்ப்பலகை அதனைத் தீர்க்கிறது. பூசலார் நாயனாரின் ஊரான திருநின்றவூர் ஆங்கிலத்தில் நெடுங்காலம் ‘தின்னனூர்’ எனச் சுருங்கியது. ஆயினும் எல்லாச் சிதைவும் பயனற்றதன்று. எழும்பூரின் ஆங்கில வடிவம் ‘எக்மோர்’. சோழர் காலக் கல்வெட்டுகளில் இவ்வூர் ‘எழுமூர்’ என வரும். இன்றைய தமிழ் வடிவத்தில் மகரத்தின்பின் பகரம் தோன்றியுள்ளது. ஆங்கில வடிவத்தின் இறுதியிலோ ‘மூர்’ என்பதன் சாயல் எஞ்சியுள்ளது. சிதைந்த வடிவமே பழைய ஒலிப்புக்கு ஒரு துணைச்சான்றாகிறது.

இந்நோக்கில், தமிழ்நாட்டரசு 2020 சூனில் வெளியிட்ட ஆணையைக் கருதலாம். 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்து வடிவைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்ற முனைந்த அவ்வாணையில் எழும்பூரும் இடம்பெற்றது. எழுத்துப்பெயர்ப்பு முறை குறித்த விவாதத்தால் அது சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தமிழ் ஒலிப்பை ஆங்கிலத்திலும் நிலைநாட்டும் நோக்கம் நியாயமானது. ஆயினும் எந்த வடிவம் எக்காலத்துச் சான்று என்பதைப் பதிவு செய்யாமல் மாற்றுவது ஆய்வுக்கு இழப்பாகும்.

7. முடிவுரை

சென்னைப் புறநகர் இரயிலின் நிலையப் பெயர்கள் மூன்று உறவுகளைக் காட்டுகின்றன. முதல் அடுக்கில் ஊர் நிலையத்திற்குப் பெயர் தந்தது. நிலையம் ஊருக்கு வளர்ச்சி தந்தது. இரண்டாம் அடுக்கில் நிறுவனம் நிலையத்திற்குப் பெயர் தந்தது. நிலையம் அப்பெயரை ஊராக்கியது. மூன்றாம் அடுக்கில் பெயர் பெரும்பாலும் வழிகாட்டியாக மட்டும் நிற்கிறது; ஊருக்கும் நிலையத்திற்கும் இடையிலான தொலைவைப் பெயரால் குறைக்க இயலவில்லை.

இதிலிருந்து இரு தேவைகள் பெறப்படுகின்றன. ஒன்று, புதிய நிலையத்திற்குப் பெயரிடும்போது அவ்விடத்தின் நீர்நிலை, பழைய ஊர், மக்கள் வழக்கு ஆகியவற்றைத் தொகுத்தறிந்து முடிவெடுத்தல். மற்றொன்று, பெயரோ எழுத்து வடிவமோ மாற்றப்படும்போது முந்தைய வடிவங்களை மும்மொழியிலும் ஆவணப்படுத்துதல். பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் தத்தம் வட்டார நிலையங்களுக்கு இப்பணியை மேற்கொள்ளின், கால அட்டவணைகளிலும் பழைய பயணச்சீட்டுகளிலும் சிதறிக்கிடக்கும் வடிவங்கள் அழியுமுன் தொகுக்கப்படும். ஏரி போனபின் தாங்கலையும், பூங்கா போனபின் பூங்காவையும் நினைவூட்டுவது அப்பலகையே.